ஒரு ஜோடி அதிகம்

வாலிநோக்கம்,
சனிக்கிழமை முற்பகல்.

ஆண்டவருக்குள் பிரியமான பெர்சியாள் அக்காவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு ஜோடிச் செருப்புதான். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இதை முதலில் எழுதாவிட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபவீட்டுக்கு வந்தவர்களை எண்ணிச் சொல்வது என் வேலை என்பது உனக்குத் தெரியும். நம் அய்யா மாதக் கடைசியில் மிஷன் சங்கத்துக்கு எழுதும் சபை அறிக்கையில் அந்த எண்ணைப் போடுவார். நான் எப்படி எண்ணுகிறேன் என்பது உனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்து எண்ண எனக்குக் கூச்சம். எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும் நேரத்தில், வாசலுக்கு வெளியே கிடக்கும் செருப்புகளை எண்ணுவேன். வெறுங்காலோடு வரும் சின்னப் பிள்ளைகளை அதோடு சேர்த்துக்கொள்வேன். கணக்கு ஒரு வாரம்கூடத் தப்பியதில்லை.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, ஒரு ஜோடி மற்றவற்றோடு சேராமல் தனியாகக் கிடந்தது. ஆம்பிளைச் செருப்பு. நீல வார். இடது கால் வார் அறுந்து வலை நரம்பால் தைத்திருந்தது. இரண்டும் நனைந்து, ஓரங்களில் உப்பு பூத்திருந்தது. முன்பக்கம் ஜெபவீட்டைப் பார்த்தபடி, யாரோ கழற்றிவிட்டு உள்ளே போனதைப் போலக் கிடந்தது. நான் உள்ளே திரும்பி முதுகுகளை எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். வெளியே முப்பத்தாறு ஜோடி. உள்ளே, பிள்ளைகளை விட்டால், முப்பத்தைந்து பேர்.

ஆராதனை முடிந்து பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு வந்து பார்த்தேன். அந்தச் செருப்பு அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் இப்போது கடலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் காணோம். அய்யாவிடம் முப்பத்தைந்து என்றுதான் சொன்னேன்.

வீட்டுச் செய்திகளையும் எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் உப்பளத்துக்குப் போகிறார். கச்சான் காற்று இந்த வருஷம் மோசம். ஜெபவீட்டுக் கூரையில் இரண்டு தகரம் பெயர்ந்து, அய்யாவும் நானும் கல் ஏற்றி வைத்தோம். அய்யாவுக்கு இருமல் இருக்கிறது. நீ அனுப்பிய கம்பளித் துண்டை இந்த வெயிலிலும் மடித்துத் தோளில் போட்டுக்கொள்கிறார். கேட்கிறவர்களிடம், எம் மூத்த மக பெரிய வேதப் படிப்புப் படிக்கிறா, அங்கன குளிருமாம், என்கிறார். போனில் உன்னிடம் அதைச் சொல்ல மாட்டார். நானும் போனில் எதையும் சொல்ல முடியாது. அய்யா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

உன் கடிதம் போன மாதமே வந்தது. ஐந்து தடவை வாசித்தேன். இறையியல் என்றால் ஒழுங்கான பதில்களை அடுக்கி வைப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நீ வேறு மாதிரி எழுதியிருந்தாய். வேதம்தான் முதலும் முடிவும். ஆனால் ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுக்காமல் வேதம் முழுவதையும் கேட்க வேண்டும். நமக்கு முன் விசுவாசித்தவர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று பார்க்க வேண்டும். நம் முன்னால் நிற்கும் மனிதர் எந்த மண்ணில் நிற்கிறார், அவருக்கு என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் ஜெபத்தில் ஒன்றாக வைத்து, கடைசியில் எதையாவது செய்ய வேண்டும். ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்து வைத்தால் எல்லாமே கெட்டுப்போகும் என்று எழுதியிருந்தாய். கட்டுரைக்காக, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி நம் சபையார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டு எழுதச் சொன்னாய். நீ பேச மாட்டாய், அதனால் நன்றாகக் கேட்பாய், என்றாய்.

நான் கேட்டேன் அக்கா. கேட்டது போதும் என்று ஆகிவிட்டது.

நீ கல்லூரிக்குப் போன பிறகு நம் சபைக்கு நாகலெட்சுமி மதினி வந்தார். பிறந்த ஊர் அபிராமம், விவசாயக் குடும்பம். இங்கே உப்பளத்தில் அம்மாவோடு வேலை. அம்மாவோடு ஜெபத்துக்கு வரத் தொடங்கி, போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தார். அவருடைய வீட்டுக்காரர் மலையாண்டி அண்ணன் எடுக்கவில்லை. உப்பளத்தில் வேலை இல்லாத நாட்களில் சின்ன வத்தைப் படகில் தனியாக மீன் பிடிக்கப் போவார். ஞாயிற்றுக்கிழமை மதினியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே உடைமரத்து நிழலில் குத்தவைத்து, பீடி பிடிக்காமல் அய்யாவின் பிரசங்கம் முழுவதையும் கேட்பார். உள்ளே வர மாட்டார். செருப்பையும் கழற்ற மாட்டார்.

நான் எப்படி எண்ணுகிறேன் என்பதைக் கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான். என்னைக் கணக்குப்பிள்ளை என்று கூப்பிடுவார். உப்பளக் கணக்குப்பிள்ளைகூட இவ்வளவு சுத்தமாக எண்ண மாட்டான் என்பார். ஏ கணக்குப்பிள்ள, செருப்பக் கழட்டாதவன எந்தக் கணக்குல சேப்ப, என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வேன் என்று காத்திருக்காமல் அவரே சிரித்துக்கொள்வார். பதிலை எதிர்பார்க்காமல் என்னிடம் பேசுகிறவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவின்போது என் குரல் டீச்சருக்குக் கேட்காமல், இருந்துகொண்டே இல்லாதவளாகப் பாதி நாட்கள் எழுதப்பட்டவள் நான். ஒன்பதாம் வகுப்போடு நின்றதற்கு அம்மாவின் முழங்கால் மட்டும் காரணம் இல்லை.

வைகாசிக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை, காற்று சரியில்லை என்று எல்லோரும் சொல்லியும் அவர் வத்தையை இறக்கினார். மூன்றாம் நாள் தீவுப் பக்கம் வத்தை கவிழ்ந்து கிடந்தது. அவர் கிடைக்கவில்லை. படகில் ஏறும்போது செருப்பைக் கரையில் விட்டுப் போவது இங்கே வழக்கம். அதைத்தான் மதினியிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

உடல் இல்லாததால் அடக்க ஆராதனை இல்லை. அவர் விசுவாசியும் இல்லாததால் ஜெபவீட்டில் அவர் பெயரைச் சொல்லி ஒரு கூட்டமும் வைக்கவில்லை. எட்டாம் நாள் மதினி நம் வீட்டுக்கு வந்து அய்யாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அவரு இப்ப எங்கன இருக்காரு?

அய்யா சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிட்டார். கர்த்தரை ஏற்றுக்கொள்ளாமல் போனவர்கள் எங்கே போவார்கள் என்று வேதம் சொல்கிறதோ, அங்கே. அதற்குமேல் அழுவது விசுவாசத்துக்கு அடுத்ததல்ல. இனி உன் ஆத்துமாவைப் பார்த்துக்கொள். அய்யா கல்நெஞ்சத்தோடு சொல்லவில்லை அக்கா.  பொய் சொல்லி ஆறுதல் தரக் கூடாது என்பதில் அவர் எப்படி என்று உனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் உப்புப் பாத்தி வரப்பில் தனியாக முழங்காலில் நின்றார். நான் பார்த்தேன். நான் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பதினாறாம் நாள் மதினியின் அண்ணன் நாகேந்திரன் அபிராமத்திலிருந்து வந்தார். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் ஆள் போலக் கட்டி எரிப்பது அவர்கள் வழக்கம். புல்லும் பானையும் கொண்டுவந்திருந்தார். அய்யா அவரைத் திண்டில் உட்கார வைத்து, டீ கொடுத்து, என் சபைப் பிள்ளை இதில் கலந்துகொள்ளக் கூடாது என்று தாழ்மையாகச் சொன்னார். மதினியும் அய்யா சொல்வதே சரி என்று தலையை ஆட்டினார். நாகேந்திரன் அண்ணன் சத்தம் போடவில்லை. பானையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, நீங்களும் அழ மாட்டீக, எங்களையும் அழ விட மாட்டீக, அப்ப அந்த மனுசன் எங்கனதான் போவான், என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அடுத்த ஞாயிறுதான் அந்தச் செருப்பு வந்தது.

இரண்டு வாரம் நான் பயந்து செத்தேன். மூன்றாவது ஞாயிறு விடிந்ததும் கடற்கரைப் பக்கமாகப் போனேன். மதினி அலை ஓரத்தில் நின்றிருந்தார். முந்தானைக்குள்ளிருந்து செருப்பை எடுத்துக் கடல் தண்ணீரில் அலம்பினார். மலையாண்டி அண்ணன் எப்போதும் அப்படித்தான் கால் அலம்பிவிட்டு நடப்பார். பிறகு ஜெபவீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தார். என்னைப் பார்த்துவிட்டு, அவரு வரும்போது மணல் சுடுமுல்ல, என்றார்.  எனக்குப் பயம் போய், வேறு ஏதோ வந்தது. ஆனாலும் கணக்கு சரியாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். வைப்பதும் அவர், திருப்பி வைப்பதும் அவர், எடுத்துப் போவதும் அவர்.

அதற்குப் பிறகு மதினி கடலுக்குள் இறங்கத் தொடங்கினார். முதலில் முழங்கால் வரை, பிறகு இடுப்பு வரை. அம்மாதான் இரண்டு முறை பிடித்து இழுத்து வந்தார். சாப்பாடு குறைந்தது. பத்து நாட்களுக்கு முன்னால் உப்பளத்தில், கூடையைத் தலையில் வைத்தபடியே, ஆம்பிளைக் குரலில் பேசினாராம். அங்கே நின்ற பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அம்மாவும் ஓடி வந்தார். அது மலையாண்டியின் குரல்தான், இருமல்கூட அதே இருமல் என்று அம்மா அய்யாவிடம் சொன்னார்.

அய்யா மானாமதுரைப் பக்கத்திலிருந்து ஒரு ஊழியரை வரவழைத்தார். பெயர் எப்பிராயீம். நல்ல மனிதர், தன் சாப்பாட்டை நாய்க்குப் போட்டுவிட்டு உபவாசம் இருக்கிறவர். இது செத்த மனிதன் இல்லை, செத்தவன் பெயரில் வந்திருக்கும் ஆவி, மூன்று நாள் உபவாச ஜெபத்தில்தான் போகும் என்றார். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஞாயிறு ஆராதனை முடியும் வரை. ஜெபவீட்டில் பாயும் மேளமும் வைக்கும் சின்ன அறையில் மதினியை உட்கார வைத்து, கடலுக்கு ஓடிவிடக் கூடாது என்று வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். கொடுப்பது நான்.

நேற்று மூன்று தடவை கொண்டுபோனேன். செம்பை வாங்கி வாயில் வைக்கிறார், துப்பிவிடுகிறார். உப்புக் கரிக்கிறது என்கிறார். நம் வீட்டுக் குடத்துத் தண்ணீர்தான், லாரித் தண்ணீர். அவர் பார்க்க நானும் குடித்துக் காட்டினேன். மூன்றாவது தடவை எனக்கும் கரித்தது அக்கா. வீட்டுக்கு வந்து அதே குடத்தில் அள்ளிக் குடித்தேன், இனிப்பாக இருந்தது. அவருடைய உதடு வெடித்திருக்கிறது. கையைக் கிள்ளினால் தோல் கிள்ளியபடியே நிற்கிறது. இப்படியே நாளை மதியம் வரை போனால் என்ன ஆகும் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா அய்யாவைப் பார்த்தார். அய்யா ஜெபித்துக்கொண்டிருந்தார்.

நேற்றுப் பிற்பகல் செம்பை எடுத்துக்கொண்டு தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். எப்பிராயீம் ஐயா கிணற்றடியில் முகம் கழுவப் போயிருந்தார். ஜெபவீட்டில் நான் மட்டும்தான். கதவுக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது. பிறகு குரல், மெதுவாக, உடைமரத்தடியில் கேட்டது போலவே.

“ஏ கணக்குப்பிள்ள. என்னைய எண்ணிட்டியா?”

செம்பு கையிலிருந்து விழுந்தது. அந்தப் பெயரை அவர் மதினியிடம் சொல்லியிருக்கலாம், புருஷன் பெண்டாட்டி எவ்வளவோ பேசிக்கொள்வார்கள் என்று வீடு வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இன்று காலை எட்டு மணிக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். ஜெபவீட்டு வாசலில் அந்த நீல வார் செருப்பு கிடந்தது. நனைந்திருந்தது. முன்பக்கம் உள்ளே பார்த்திருந்தது. மதினி வெள்ளிக்கிழமையிலிருந்து அறைக்குள் இருக்கிறார். தாழ்ப்பாள் நான் போட்டபடியே இருந்தது. ஓடிப்போய் மதினியின் பக்கத்து வீட்டுச் சண்முகவள்ளி அத்தையைக் கேட்டேன். மதினியின் வீட்டுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. அவர் திறந்து காட்டினார். மதினி அந்தச் செருப்பை வைக்கும் தகரப் பெட்டி பூட்டியிருந்தது. அதே கொத்துச் சாவியில் பூட்டைத் திறந்தோம். உள்ளே காய்ந்த மணல் மட்டும் கிடந்தது. இந்த வீட்டுக்குள் யாரும் வரவில்லையே என்று அத்தை சொன்னார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். 

அது ஆவியா, யாராவது செய்ததா, எனக்குத் தெரியாது. நான் உனக்கு எழுத நினைத்தது அது அல்ல. இவ்வளவு நேரம் அதைத்தான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

அவர் கடலுக்குப் போனதற்கு முந்தின நாள் ஞாயிறு. அய்யா எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, தங்களை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுக்க நினைப்பவர்களுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போலக் கண்ணைத் திறந்துகொண்டு செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மலையாண்டி அண்ணன் உடைமரத்தடியிலிருந்து எழுந்து வந்தார். செருப்பைக் கழற்றினார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசல்படியைத் தாண்டி ஒரு அடி உள்ளே வந்து நின்றார். கை கூப்பினார். அவர் முதுகு குலுங்கியது. ஆமென் சொல்வதற்கு முன்னால் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். போகும்போது என்னைப் பார்த்து, எதுவும் கேட்காமல், தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று நான் அவரையும் சேர்த்துத்தான் எண்ணினேன். அய்யா ஒன்று கூடுதலாக இருக்கிறதே, யார் புதிதாக வந்தது என்று கேட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. தப்பாக எண்ணிவிட்டேன் போலிருக்கிறது என்றேன். அய்யா நோட்டில் அடித்துத் திருத்தினார்.

எட்டாம் நாள் மதினி வந்து கேட்டபோது நான் அடுப்படியில் நின்றேன் என்று எழுதினேனே. அப்போதும் சொல்லவில்லை. நாகேந்திரன் அண்ணன் கேட்டுவிட்டுப் போனபோது டீ டம்ளர்களை எடுத்து உள்ளே வைத்தேன். அப்போதும் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசும் இடத்தில், வேதம் தெரிந்தவர்கள் பேசும் இடத்தில், நான் பார்த்த ஒரு அடியை எந்தக் குரலில் சொல்வது? நாள் ஆக ஆக, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்து கனத்துவிட்டது.

வாசல்படியைத் தாண்டி ஒரு அடி வைத்தால் அது இரட்சிப்பா, எனக்குத் தெரியாது. அதை நீ படித்துச் சொல். ஆனால் உன் கடிதத்தை ஐந்தாம் தடவை வாசித்தபோது ஒன்று உறைத்தது. அய்யா வேதத்தைத் தப்பாகச் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்பது தெரியாமல் சொல்லிவிட்டார். தெரியாததற்குக் காரணம் நான். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறாய். அய்யாவின் பதிலில் ஒரு பங்கு குறைந்தது, அந்தப் பங்கு என் வாய்க்குள் இருந்தது.

இன்னொன்றும். ஆண்டவர் தம் நண்பனின் கல்லறைக்கு முன் நின்று அழுதார் என்று சின்னப் பிள்ளைகளுக்கு நான்தான் ஞாயிறு பள்ளியில் படம் காட்டுகிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே அழுதார். முதல் விசுவாசிகள் கல்லறைகளுக்கு நடுவில் கூடி ஆராதித்தார்கள் என்று நீ எழுதியிருந்தாய். நாமோ ஒரு பெயரைச் சொல்லி அழக்கூட இடம் கொடுக்கவில்லை. புல்லைக் கட்ட வேண்டாம் என்று சொன்ன கையோடு, வா, சேர்ந்து அழுவோம் என்று சொல்லியிருக்கலாமே? இதை உன் கட்டுரையில் போடுவாயோ மாட்டாயோ, அய்யாவின் பெயரைப் போடாதே.

அக்கா, எனக்காக ஜெபித்துக்கொள். பயம் போக வேண்டும் என்று ஜெபிக்காதே, அது போகாது. பயம் இருக்கும்போதே குரல் வர வேண்டும் என்று ஜெபி. நீ குளிரில் தனியாக வெளியே போகாதே. கர்த்தர் உன் படிப்பையும் உன் கண்களையும் காப்பாராக. உனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நாள் இந்த வாசலுக்கு வந்து சேரட்டும்.

உன் தங்கை,
கெத்சியாள்


ஞாயிறு, பிற்பகல்.

அக்கா, தபால் நாளைதான் போகும். அதனால் இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

காலையில் அந்தச் செருப்பு வாசலில் இல்லை. சபையார் எல்லோரும் வந்துவிட்டார்கள். எப்பிராயீம் ஐயா அறைக் கதவில் கையை வைத்துச் சத்தமாக ஜெபித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. உள்ளே சத்தமே இல்லை. முந்தாநாள் இருமலாவது கேட்டது.

நான் எண்ணவில்லை. வாசல் பக்கம் என் இடத்திலிருந்து எழுந்து, ஆட்களுக்கு நடுவில் நடந்தேன். என் முழங்கால் யார் யார் தோளிலோ இடித்தது. அறை இருக்கும் பிரசங்க மேடைப் பக்கம் நான் ஆராதனை நேரத்தில் போனதே இல்லை. எப்பிராயீம் ஐயாவின் கைக்குக் கீழே குனிந்து தாழ்ப்பாளை இழுத்தேன். அவர், பாப்பா, பாப்பா, என்றார். உள்ளே போய்விட்டேன்.

மதினி சுவரில் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காதில் இல்லை, சத்தமாகவே சொன்னேன்.

“மதினி, அண்ணன் உள்ள வந்தாரு. கடலுக்குப் போறதுக்கு முந்தின நாளு. செருப்பக் கழட்டிட்டு வந்து, கையெடுத்துக் கும்பிட்டாரு. நான் பாத்தேன்.”

வெளியே ஜெபம் ஒவ்வொரு குரலாக நின்றது. மதினி முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு அவருடைய சொந்தக் குரலில், தொண்டை வறண்டு, கேட்டார்.

“எந்தக் கால மொதல்ல எடுத்து வச்சாரு?”

வலது கால் என்றேன். அது உண்மை. இடது காலில் தைத்த வார் உரசிய தடம் இருந்தது, அது பின்னால் வந்தது.

மதினி அழுதார். இந்த எட்டு வாரத்தில் முதல் தடவை. நம் அம்மா கூட்டத்திலிருந்து எழுந்து வந்து அவர் தலையைத் தன் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு தானும் அழுதார். யாரோ செம்பைக் கொடுத்தார்கள். மதினி குடித்தார், துப்பவில்லை.

அய்யா கதவருகில் வந்து நின்றார். கம்பளித் துண்டு தோளிலிருந்து நழுவியிருந்தது. என்ன சொன்னாய் என்று என்னைக் கேட்டார். கோபமா என்று முகத்தில் தெரியவில்லை. சபையே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் எழுந்து நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னேன்.